மாதாவுக்கு ஒரு தாழ்ப்பாள்

எங்கள் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அலுமினிய டப்பாவில்தான் வரும். தாம்பரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே, ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வீடு இல்லாத பெண்கள் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். நாவலூர்ப் பக்கம் அடுக்குமாடியில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் கார் எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு டப்பா. மேலே அட்டை மூடி, உள்ளே பிரியாணி. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து, முன்பின் தெரியாத குழந்தை நூறு வயசு வாழணும் என்று வாழ்த்திவிட்டுச் சாப்பிடுவோம். இதுவரை நான் வாழ்த்தின பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம்.

சாப்பிட்ட டப்பாவைக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அதைக் கழுவிக் காய வைக்கச் சொன்னவள் ஓவியம் படித்த ஒரு பெண். எங்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கக் கேளம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். சட்டையெல்லாம் பெயின்ட் கறை. புதுச் சட்டை போட்டு வந்தாலும் அதிலும் கறை இருக்கும். மற்ற எல்லோரையும் ஆன்ட்டி என்பாள், என்னை மட்டும் பாட்டி என்பாள். மரியாதையா, இல்லை முடியைப் பார்த்துச் சொல்கிறாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் வந்தபோது மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நேர்ச்சைத் தகடு தெரியுமா என்று கேட்டாள். தெரியாமல் என்ன? நான் பிறந்தது கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் குப்பம். கண் வலி என்றால் எங்கள் அம்மனுக்குக் கண் தகடு போடுவோம். கால் வலி என்றால் கால் தகடு. மாதா கோயில் வாசலிலும் அதே தகடுதான் விற்கிறார்கள். கை, கால், கண், தொட்டில், வீடு. எது வேணுமோ அதை வாங்கி மாதா காலடியில் வைக்க வேண்டியது. சாமிதான் வேறே, தகடு ஒன்றுதான்.

"கடைத் தகடு வேணாம் பாட்டி. இந்தச் சாப்பாட்டு டப்பாவுல நீங்களே செய்யணும். மாதாகிட்ட உங்களுக்கு என்ன கேக்கணுமோ அதைச் செய்ங்க. எல்லாத்தையும் பெரிய பலகையில அடிச்சு, நடுவுல மாதாவையும் நாமளே செஞ்சு வெச்சு, திருவிழா முடியற வரைக்கும் கோயில்ல நிக்க வைக்கலாம். ஃபாதர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன்" என்றாள்.

டப்பாவின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, அடித்தகட்டை எவர்சில்வர் டம்ளரால் உருட்டித் தேய்த்தால் சப்பாத்தி மாதிரி தட்டையாகிவிடும். அதைப் பழைய சைக்கிள் டியூப் மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் பின்பக்கத்தில் அழுத்தினால் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். ஓரத்தை மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலை அறுக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பட்டை லவங்க வாசனை மட்டும் போகவில்லை. மாதாவுக்கும் பசிக்கட்டும் என்றாள் பூக்கட்டுகிறவள். பேருந்து நிலையத்தில் பூ விற்றுவிட்டு இங்கே வந்து படுக்கிறவள் அவள். எங்கள் எல்லோரிலும் சின்னவள்.

முதல் நாள் எல்லோரும் வீடு செய்தோம். அந்தப் பெண் மாதிரிக்கு ஒரு வீடு வரைந்து காட்டியிருந்தாள். மேலே முக்கோணம், கீழே கதவு, பக்கத்தில் ஒரு மரம், மரத்துக்கு மேல் சூரியன். ஆசைப்பட்டுச் சொல்கிறாளே என்று நாங்களும் ஆளுக்கொன்று செய்து கொடுத்தோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாருமே வீடு கேட்டிருக்கீங்க" என்றாள். நீதானே கேட்க வைத்தாய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சொன்னவள் ஜெபமாலைக்காரி. எனக்குப் பக்கத்துப் பாயில் படுப்பவள், என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட இப்போது இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ஆள். பல்லாவரத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். கையில் ஜெபமாலை இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. அவள் பதினெட்டு வீட்டையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"யம்மா, இது இன்னா, மனை விக்கறவன் ஆபீஸா? மாதாவே மாட்டுக் கொட்டாயில புள்ள பெத்தவங்க. அவங்களாண்ட போய் வூடு கேட்டா, நானே தேடிகினு கீறேன்னு சொல்லுவாங்க" என்றாள்.

"அப்ப என்ன ஆன்ட்டி கேக்கறது?"

"நாளைக்குக் காலையில எழுந்தா இன்னா வேணும்? அதைக் கேக்கணும். பெரிசா கேட்டா அவங்களுக்கும் பேஜாரு, நமக்கும் பேஜாரு."

 அந்தப் பெண் பதினெட்டு வீட்டையும் அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, புது டப்பா எடுத்து வைத்தாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அது. தப்பென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மறுபடியும் ஆரம்பிப்பாள்.

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் வேலை. ஜெபமாலைக்காரி ஒரு முட்டி செய்தாள், வீங்கின முட்டி, அவளுடைய வலது முட்டி. ஸ்டேஷன் மேம்பாலத்துப் படி ஏற வேணுமாம், முழங்கால் போட்டு ஜெபிக்கவும் வேணுமாம். இரண்டில் எது முதலில் என்று கேட்டால் படி என்றாள். பூக்கட்டுகிறவள் மூன்று ஓட்டையோடு ஒரு கரண்ட் பிளக் செய்தாள். எங்கள் பதினெட்டுப் பேருக்கும் போன் சார்ஜ் போட ஒரே பிளக்தான், அங்கே நடக்காத சண்டை இல்லை. பாலத்துக்குக் கீழே பல வருஷம் படுத்திருந்த ஒருத்தி போலீஸ் லத்தி செய்தாள். செய்து முடித்து, அதை நடுவில் இரண்டாக மடக்கினாள். "வேணாம்னு கேக்கறேன்" என்றாள். வேண்டாததைக் கேட்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கேட்கலாம் என்று ஜெபமாலைக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வேதத்தில் எங்களுக்கு அவள் சொன்னதுதான் சட்டம்.

நடுவில் வைக்கிற மாதாவுக்கு எல்லோரும் சேர்ந்து கை போட்டோம். முகத்தை ஓவியப் பெண் செய்தாள். சேலை மடிப்பு என் வேலை. பார்டர் வைத்த சேலை, கொசுவம் ஏழு. குழந்தையைச் செய்தவள் பூக்கட்டுகிறவள். ஒட்டி முடித்ததும் அவள் தள்ளி நின்று பார்த்தாள், திருப்தி இல்லை.

"புள்ளைய சும்மா கையில புட்சிகினு கீறாங்க. கண்ணு அசந்தா இன்னா ஆவறது?" என்றாள்.

பூக் கட்டுகிற விரல் இல்லையா, தகட்டை நூல் மாதிரி கிழித்து முறுக்கி, மாதா முந்தானையிலிருந்து குழந்தையின் கணுக்காலுக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். பிளாட்பாரத்தில் கைக்குழந்தையோடு படுக்கிற பெண்கள் அப்படித்தான் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். யாராவது பிள்ளையைத் தூக்கினால் தூக்கம் கலைந்துவிடும். அவளும் அப்படிப் படுத்தவள்தான். அவள் பிள்ளை இப்போது ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறது.

பலகையைப் பார்க்க வந்த ஃபாதர் அந்த முடிச்சை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாதா தூங்க மாட்டாங்கம்மா" என்றார் சிரித்துக்கொண்டே.

"தூங்காம யாரால முடியும் ஃபாதர்?" என்றாள் அவள்.

அவர் மறுபடி பார்த்தார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். பதில் இல்லாத இடத்தில் பிரசங்கம் வைக்கவில்லை.

எல்லோரும் செய்துவிட்டார்கள், நான் மட்டும் செய்யவில்லை. எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. தலையில் கூடை வைத்து மீன் விற்ற நாளிலேயே, வேணுமா என்று குரல் கொடுப்பேனே தவிர, வாங்கிக்கோ என்று யாரையும் கெஞ்சினதில்லை. ஆனால் எனக்கு என்ன வேணும் என்பது எனக்குத் தெரியும். ஜெபமாலைக்காரிக்கும் தெரியும்.

எங்கள் காப்பகத்தில் குளியலறை ஒன்று. கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. முன்பு இருந்ததாம். ஒரு அம்மாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்துவிட்டாள், கதவை உடைத்து அவளைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு மேலிடத்து உத்தரவுப்படி, தாழ்ப்பாள் இல்லாமலே புதுக் கதவு போட்டுவிட்டார்கள். புதுக் கதவின் உட்பக்கம் வழவழவென்று இருக்கும், ஒரு ஆணி கூடக் கிடையாது. பொறுப்பாளர் மேடம் கெட்டவர் இல்லை. "ரூல் அப்படிம்மா, என் கையில இல்ல" என்பார். நான் ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாம் தடவை சொன்னால் அது கேட்கிறதாகிவிடும்.

அதனால் எனக்குத் தாழ்ப்பாள் ஜெபமாலைக்காரிதான். நான் உள்ளே போனால் அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு ஜெபமாலை உருட்டுவாள். பத்து முத்து உருட்டுவதற்குள் நான் குளித்து வந்துவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவளுக்கு என் மேல் கோபம் என்றால் அருள் நிறைந்த மரியே எல்லாம் எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி ஓடும், சோப்பு கழுவ நேரம் கிடைக்காது. நான் அம்மனைக் கும்பிடுகிறவள். ஆனால் அந்த ஜெபம் முழுக்க எனக்கு இப்போது மனப்பாடம்.

அவளுக்கு முட்டி வீங்கினதும் நிற்க முடியவில்லை. ஒரு ஞாயிறு அவளே வேறொருத்தியை நிற்க வைத்தாள், நான் உள்ளே போனேன். நின்றவளுக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டாள். அன்றைக்குப் பிறந்த நாள் சாப்பாடு கொண்டுவந்த ஒருவர் கை கழுவ இடம் தேடி, கதவைத் தள்ளிவிட்டார். மனுஷர் நல்லவர்தான். சாரிம்மா, சாரிம்மா என்று ஏழெட்டுத் தடவை சொன்னார். சொல்லும்போதே கதவைச் சாத்தலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து நான் புடவையோடுதான் குளித்தேன். புடவையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு மூலையில் ஒண்டி நின்று மாற்றிக்கொண்டு வருவேன். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது, முகத்தில் காட்ட மாட்டேன். எழுபதைத் தாண்டின உடம்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். இருக்கிறதோ இல்லையோ, அது என்னுடையது.

குளியல் எனக்கு எப்பேர்ப்பட்டது என்பது இதையும் சொன்னால்தான் விளங்கும். மீன் விற்கிறவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சீயக்காய் போட்டு, செதிலும் வாடையும் போகிற வரைக்கும் தேய்த்துக் குளித்தால்தான் மனுஷி. எங்கள் வாடகை வீடு ஒரே அறை. தடுப்புச் சுவருக்குப் பின்னால் குளிக்கிற இடம், தகரக் கதவு, உள்ளே கொக்கி. அந்தக் கொக்கியைப் போட்டுவிட்டால் என்னை யாரும் கூப்பிட முடியாது, என் வீட்டுக்காரர் உட்பட. அவர் இறந்துபோன பிறகு அந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிற அண்ணன் மகன், அரிசி மூட்டை போடுகிற அறையில் எனக்கு இடம் கொடுத்தான். ஒரு நாள் அவன் பெண்டாட்டி, "அத்தே, குளிக்க இவ்ளோ நேரமா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு நாலு மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் இருந்தேன். யாராவது கேட்டால் ரயிலுக்குக் காத்திருக்கிறேன் என்பேன். பீச் ஸ்டேஷன் வண்டி வரும், போகும். என் வண்டி இது இல்லை என்பேன். கடைசியில் காப்பகத்துக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டதால் போனேன்.

பலகையில் எல்லாத் தகடும் ஆணி அடித்தாகிவிட்டது. மாதாவின் இடது கைப்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டிருந்தாள் அந்தப் பெண்.

"இது உங்க இடம் பாட்டி. சும்மா இருந்தாலும் பரவாயில்ல, அப்படியே விட்டுடறேன்" என்றாள்.

"ஆமா, விடு. கேக்காதவ ஒருத்தி கீறான்னு மாதாவுக்குத் தெரியட்டும்" என்றாள் ஜெபமாலைக்காரி. பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "என் முட்டி சரியாவற வரைக்கும் புடவையோடவே குளிடி. சோப்பும் மிச்சம், துணி தோய்க்கிற வேலையும் மிச்சம்" என்றாள்.

மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது நான் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்குப் படிப்பென்றால் எழுத்துக்கூட்டி பஸ் போர்டு வரைக்கும்தான். இதை எழுதவும் நாள் பிடிக்கிறது, பிடிக்கட்டும், எனக்கு எங்கே அவசரம். ஆனால் கை சொன்னபடி கேட்கும், மீன் அரிந்த கை. அழுத்தி அழுத்தி ஒரு தாழ்ப்பாள் செய்தேன். நீளமாக ஒரு கம்பி, பிடிக்க ஒரு குமிழ், கம்பி நுழைய இரண்டு வளையம், நாலு மூலையிலும் நாலு திருகாணிப் புள்ளி. நன்றாகவே வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஓவியப் பெண் அதைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து போனாள். "புல்லாங்குழலா பாட்டி? மாதாவுக்குப் பக்கத்துல கிருஷ்ணரோட புல்லாங்குழல். எவ்ளோ அழகா யோசிச்சிருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லா மதமும் ஒன்று என்று நான் சொல்ல வருகிறேனாம். ஜெபமாலைக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான், "மாதாவுக்குத் தெரியும்" என்றேன். அதுதான் இருப்பதிலேயே கௌரவமான பதில்.

திருவிழாவுக்கு நாங்கள் பதினெட்டுப் பேரும் தினம் போனோம். பலகையைக் கோயில் உள்வாசலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிரியாணி டப்பா வெள்ளி மாதிரி மின்னியது. சனங்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். மாதா முந்தானை முடிச்சைத் தொட்டுவிட்டு ஒரு அம்மா தன் பிள்ளையை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். பிளக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். முட்டியைப் பார்த்த கிழவிகள் எல்லாம் தங்கள் முட்டியையும் தடவிக்கொண்டார்கள். மடக்கின லத்தியை, திருவிழாக் காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, தன் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

என் தகடுதான் எல்லோருக்கும் புதிர். ஃபாதர் விசிலா என்று கேட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் லெவல் கிராசிங் கேட் என்று அடித்துச் சொன்னார். கோயில் கமிட்டியில் ஒரு சார் இருக்கிறார், எங்கள் காப்பகத்துக் கட்டடத்தின் ரிப்பேர் வேலையெல்லாம் அவர் பொறுப்பில்தான். அவர், "இன்னா ஆயா, துப்பாக்கியா? யாரைச் சுடப் போறீங்க?" என்றார். ஆயா என்றால் எனக்குப் பிடிக்காது. பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும் என்று ஜெபமாலைக்காரி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுவதற்கு மட்டும் முட்டி வலிக்கவில்லை.

தேர் இழுக்கிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், பொத்தேரி ஹாஸ்டல் பெண்பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி பலகைக்கு முன்னால் நின்ற உடனேயே, "ஏய், தாழ்ப்பாள்டி" என்றாள்.

மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். "ஆமாடி. எங்க ஃப்ளோர்லயும் உடைஞ்சு போய் ரெண்டு மாசம் ஆச்சு. பக்கெட்டை முட்டுக் கொடுத்துட்டுத்தான் குளிக்கறோம்" என்றாள் இன்னொருத்தி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் செய்தேன் என்று தெரியாது. கமிட்டி சாரும் பக்கத்தில் மெழுகு சுரண்டிக்கொண்டு இருந்தார். அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தகட்டைப் பார்த்தார். "அட" என்றார்.

திருவிழா முடிந்ததும் ஓவியப் பெண்ணுக்கு ஒரு ஆசை. பலகையை நகரத்துக்குள் ஒரு கண்காட்சிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றாள். ஜெபமாலைக்காரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மாதாவுக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அப்புறம் போட்டோ எடுத்துக்கொண்டாள். "நம்ம வூட்டுத் தகடெல்லாம் உன்னாண்டதான கீது, அதை எத்துனு போ" என்று சொல்லி அனுப்பினோம். பதினெட்டு வீட்டையும் கண்காட்சியில் வைத்தாளாம். பார்த்தவர்கள் கண் கலங்கினார்களாம். கலங்கட்டும்.

அதற்கடுத்த வாரம் கமிட்டி சார் ட்ரில்லிங் மிஷினோடு வந்தார். அவரே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கால் மணி நேரம் வேலை செய்தார். அப்புறம், "ஆயா, வாங்க வாங்க. மாதா உங்க மன்றாட்டைக் கேட்டுட்டாங்க" என்று கூப்பிட்டார். பதினெட்டுப் பேரும் போய் நின்றோம்.

பளபளவென்று புதுத் தாழ்ப்பாள், நான் செய்த மாதிரியே குமிழ் வைத்தது. கதவுக்கு வெளிப்பக்கம் போட்டிருந்தார்.

 அவர் திறந்து மூடிக் காட்டினார். "இனிமே நாய் உள்ள போவாது. மழைச் சாரலும் அடிக்காது. மேடம் சொன்ன ரூலும் அப்படியே இருக்குது" என்றார். பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் மேடமும் நிம்மதியாகத் தலையை ஆட்டினார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் பிறந்து வீட்டில் வளர்ந்தவருக்குக் கதவு என்றால் வெளியே இருக்கிறதை உள்ளே விடாமல் வைக்கிற பொருள். எங்கள் இடமும் அவருக்கு ஒரு கட்டடம். கட்டடத்தைப் பூட்டத்தானே செய்வார். ஆனால் அவர் திருகாணி டப்பாவை மூடிவிட்டார், மிஷின் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஜெபமாலைக்காரி என் விலாவில் முழங்கையால் இடித்தாள். இப்போது நான் வாயைத் திறக்காவிட்டால் சாகிற வரைக்கும் புடவையோடுதான்.  கடலில் காற்று புரண்டு, மீன் பிடிக்கப் போன வீட்டுக்காரர் வர நேரமானபோது கூட நான் யாரிடமும் போய்க் கேட்டு நின்றதில்லை.

"சார், உள்பக்கம் வேணும்" என்றேன்.

"இன்னா ஆயா?"

"தாழ்ப்பாள் உள்பக்கம் வேணும். போட்டுத் தாங்க."

சொல்லிவிட்டேன். தரை ஒன்றும் பிளக்கவில்லை.

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "உள்ள போட்டுக்கினு மயக்கம் வந்துட்டா யாரும்மா பதில் சொல்றது? ஏற்கனவே ஒரு தடவை ஆச்சே" என்றார்.

"சார், உங்க வூட்டுல எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டேன்.

"உள்பக்கம்தான்."

"உங்க அம்மா கீறாங்களா?"

"இருக்காங்க. எண்பது வயசு."

"அவங்க குளிக்கறப்போ தாழ்ப்பாள் போட மாட்டாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "போடாதம்மான்னு தினம் கத்தறேன். கேக்கறதில்ல."

"அவங்களைத் திட்டறதுக்கு நீங்க கீறீங்க. எனக்கு இவ கீறா" என்று ஜெபமாலைக்காரியைக் காட்டினேன். "பெரிய தாழ்ப்பாளா போடாதீங்க. சின்னதா, ஓங்கி ஒரு உதை வுட்டா பிடுங்கிக்கினு வரா மாதிரி போடுங்க. வெளிய ஒருத்தி நின்னு குரல் கொடுக்கட்டும். பதில் வரலைன்னா உதைக்கட்டும்."

"நான் உதைக்கறேன். ஒரு காலு நல்லாதான் கீது" என்றாள் ஜெபமாலைக்காரி.

 மேடமும் அங்கேதான் குளிக்கிறார், காலையில் எங்களுக்கெல்லாம் முன்னால், வாளியை முட்டுக் கொடுத்துவிட்டு. எங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில், "கூப்பிட்டா பதில் சொல்லணும். ஒரே தரம்தான் கூப்பிடுவோம்" என்றார். மேலிடத்தில் அவரே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

கமிட்டி சார் வயரை மறுபடி பிரித்தார். வெளியே போட்டதைக் கழற்றிவிட்டு, பைக்கில் போய்ச் சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். கதவின் வெளிப்பக்கம் நாலு ஓட்டை அப்படியே நின்றுவிட்டது. அதைச் சோப்பு வைத்து அடைக்கிற வரைக்கும் பூக்கட்டுகிறவள் அவரை விடவில்லை. திருகாணி முறுக்கும்போது அவர் என்னைக் கேட்டார், "இந்த உயரம் சரியாம்மா?" என்று. அம்மா என்றார். சரி என்றேன்.

முதலில் யார் என்று கேட்கவே இல்லை, எல்லோரும் எனக்கு வழி விட்டார்கள். நான் அவசரப்படவில்லை. துண்டு, மாற்றுப் புடவை, சீயக்காய்ப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தாழ்ப்பாளைத் தள்ளினேன். புதுசு, கொஞ்சம் இறுக்கமாகப் போனது. இழுத்துப் பார்த்தேன், கதவு அசையவில்லை. புடவையை அவிழ்த்துக் கொடியில் போட்டேன். ஜாக்கெட்டையும் போட்டேன். முதுகில் முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தபோது, தண்ணீர் என்ன இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று இருந்தது. ஆறு மாதமாகத் துணிக்கு மேல் விழுந்த தண்ணீர்தானே.

தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெபமாலைக்காரி குரல் கொடுத்தாள்.

"ஏய், கீறியா?"

"கீறேன்."

"எவ்ளோ நேரம்டி?"

"ஆவும்" என்றேன்.

வெளியே பதினாறு பேர் வாளியோடு வரிசையில் நின்றார்கள். எனக்கு இன்னும் முதுகு தேய்க்க வேண்டியிருந்தது.